கையை ஒளித்துக்கொண்ட டீச்சரம்மா

கையை மறைத்துக்கொண்டு நிற்கும் ஆளை எப்படி நம்புவது? எங்கள் டீச்சரம்மா அப்படித்தான் நிற்பார். அவருடைய பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் போதும், அவருடைய இரண்டு கைகளும் முந்தானைக்குள் போய்விடும். உள்ளே இருந்தபடியே முந்தானையை வாய்வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். கண் மட்டும் வெளியே இருக்கும். அந்தக் கண்ணும் கேட்டவரைப் பார்க்காது, பிள்ளையையும் பார்க்காது. கூரையில் எதையோ தேடிக்கொண்டிருக்கும். பல் சொத்தை, அதனால்தான் வாயை மூடுகிறாள் என்றார்கள் சிலர். பிள்ளைக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்ளுக்குள் ஏதோ ஜாடை காட்டுகிறாள் என்றார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி.

இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் அத்தனை மரியாதை கொடுத்ததில்லை.

அது உலகச் சண்டை நடந்த காலம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஏழெட்டு ஊமைப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். காது கேட்காமல் பேச்சு வராத பிள்ளைகளை அன்றைக்கு அப்படித்தான் சொல்வோம். டீச்சரம்மா ஏரல் பக்கம் வயக்காட்டு ஊர்க்காரர். எங்களைப் போல மாதா கோயிலுக்கு வருகிறவர் இல்லை, வேறு சபை. வடக்கே எங்கோ இதே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார் என்றும், அங்கே ஏதோ தகராறாகிப் போய்விட்டது என்றும் பேச்சு. புருஷன் செத்தானா, ஓடிப்போனானா, இருந்தானா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், “ஒங்க வீட்ல இன்னைக்கு என்ன கறி?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். மீன் என்றால் என்ன மீன் என்பார். பெயரைச் சொன்னால், அது எப்படி இருக்கும் என்பார். சாளைக்கும் சீலாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெண்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் என்ன வேலை?

என் தங்கை பிலோமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் அப்பா சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் போய்ப் போய் இரண்டு காதும் உடைந்து, கடைசிக் காலத்தில் அவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அப்படி நிறைய ஆண்கள். அதை யாரும் குறையாகப் பேசியதில்லை. பெண்பிள்ளை, அதுவும் பிறந்ததிலிருந்தே என்றால் மட்டும் பேச்சு வேறு. அப்பா போனபிறகு அம்மாவும் அண்ணன் தொம்மையும் பிலோமியும் ஒரு வீட்டில் இருந்தார்கள். நான் உப்பளத்து மேஸ்திரி ஒருவருக்கு வாக்கப்பட்டு அடுத்த தெருவில் இருந்தேன். பிலோமியோடு பேச வீட்டில் எங்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிடு. கன்னத்தில் கை வைத்தால் படு. நெற்றியில் அண்ணனுக்குத் தழும்பு இருக்கும் இடத்தைத் தொட்டால் அண்ணன். அவளுக்கு அது போதும் என்றுதான் இருந்தோம்.

கிட்டங்கிப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கஞ்சி ஊற்றினார்கள். அரிசிக்கு ஊரே ஆலாய்ப் பறந்த சமயம். கஞ்சிக்காகத்தான் அம்மா பிலோமியைக் கொண்டுபோய் விட்டாள். நானும் கூடப் போனேன். டீச்சரம்மா ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பிலோமிக்குக் காட்டினார். மீன் நீந்துகிற மாதிரி கையை வளைத்து அசைத்து, ‘இதுதானே இது?’ என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். பிலோமி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அடுத்து, என்னைச் சுட்டிக்காட்டி, தன் தலையில் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார். அதற்கும் ஆமாம். நான் மாடாம். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவோ பெருமையாக, எம்புள்ள எதுத்து ஒண்ணும் சொல்ல மாட்டா, யார் என்ன காட்டினாலும் தலையாட்டிக்கிடுவா என்றாள். டீச்சரம்மா, அதை மாற்றத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

சொன்னபடியே செய்தார். நாள் தவறாமல் கத்தரிக்காயை மீன் என்றும், கருவாட்டைப் பூ என்றும் காட்டிக்கொண்டே இருந்தாராம். ஒரு நாள் பிலோமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து, கத்தரிக்காயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இல்லை என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறாள். அதற்குப் பரிசாகச் சில்லுக்கருப்பட்டி. அன்றைக்கு ராத்திரியே வீட்டில் பழங்கஞ்சியைத் தள்ளிவைத்தாள். அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்து புலம்பினாள். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்திலாவது முதல் பாடமாக ‘மாட்டேன்’ சொல்லிக்கொடுப்பார்களா? அடங்கியிருந்த பிள்ளையைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு தடவை கிட்டங்கியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிலோமியின் ஒரு கை டீச்சரம்மாவின் தொண்டையில் இருந்தது. இன்னொரு கை அவளுடைய தொண்டையிலேயே இருந்தது. இருவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு, அசையாமல், ‘ம்’ என்று ஒரே மாதிரி முனகிக்கொண்டிருந்தார்கள். இது படிப்பா, மந்திரமா? பேசும்போது தொண்டை அதிர்வதைக் கையால் தொட்டுப் பார்க்கவைக்கும் பாடம் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லித் தொலைத்தால் என்னவாம்? பிலோமி வீட்டுக்கு வந்து, அம்மா பேசும்போது அவள் தொண்டையிலும் கையை வைத்தாள். அம்மா பயந்துபோய்த் தட்டிவிட்டாள். டீச்சரம்மாவுக்கு விளக்கம் சொல்கிற வழக்கமே கிடையாது. அதனால்தான் அவரைச் சுற்றிச் சந்தேகம் பாசி மாதிரி வளர்ந்தது.

போலீஸ் வந்த கதையும் அப்படித்தான். துறைமுகம் பக்கம் யாரும் நின்று பேசவே பயந்த காலம் அது. ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதிப் பேர் உள்நாட்டுக்கு மூட்டை கட்டியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிவந்து, ஒரு பிள்ளையைத் தண்ணீர் ஓரத்திலும் இன்னொன்றைச் சாலை ஓரத்திலும் நிறுத்தி, தூரத்தில் இருந்தே கையால் பேசச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தார். சாலையில் சைக்கிளில் வந்த ஏட்டையாவுக்கு என்ன தெரியும்? ஒரு பொம்பளை கடலைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான் தெரிந்திருக்கும். கப்பலுக்குச் சைகை காட்டுகிறாயா என்று அதட்டினார். நாங்கள் வலை காயப்போட்டிருந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சரம்மாவின் கை முந்தானைக்குள் போய்விட்டது. “பிள்ளைங்ககிட்டயே கேளுங்க” என்றார்.

ஏட்டையா ஒரு சின்னப் பெண்ணிடம் குனிந்து, இங்கன என்ன செய்யுதீங்க என்று கேட்டார். அந்தப் பெண் அவர் மீசையைப் பார்த்தது, வயிற்றைப் பார்த்தது, கையால் என்னென்னவோ காட்டியது. மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொல்கிறது என்று டீச்சரம்மாவை அதட்டினார். அவர் அதே பதிலைத்தான் சொன்னார். இது காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏட்டையா சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருப்பார். சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம்வரை உட்காரவைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு கடற்கரைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாதென்று உத்தரவு. வாய் இருக்கிற மனுஷி, வாயைத் திறந்தால் தீர்ந்துபோகிற விஷயம். திறக்கவில்லை என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்றுதானே நினைப்போம்?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிலோமி மாறிக்கொண்டே வந்தாள். யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசைவதை வைத்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள் என்று அண்ணன் சொன்னான். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் அவள் இருக்கும்போது நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். சண்டை முடிந்த சமயத்தில் அவள் பெரிய மனுஷியாகி, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மூக்கு சிந்திவிடுவதிலிருந்து பாடம் காட்டுவதுவரை அவள்தான். டீச்சரம்மாவுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல வேலைக்காரி ஓசியில் கிடைத்திருக்கிறாள், இனி டீச்சரம்மா எங்கே விடப்போகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

இரண்டு மூன்று வருஷங்களில் கிட்டங்கிக்காரர் தன் கிட்டங்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். டீச்சரம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறிப் போனார். எந்த ஊருக்கு என்று கேட்டுவைக்கத் தோன்றவில்லை. அதற்கு முன்னால்தான் பிலோமியின் கல்யாணப் பேச்சு நடந்தது.

மாப்பிள்ளை சூசை, தருவைகுளத்துப் பையன். நல்ல உடம்பு, குடி கிடையாது, சங்கு குளிப்பில் பேர் எடுத்தவன். அவனாகவே பெண் கேட்டு வந்தான். வாய் பேசாத பெண்ணை இப்படிப்பட்டவன் ஏன் கேட்கிறான் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. சங்கு குளிக்கிறவன் கயிற்றோடு கடலுக்குள் இறங்குவான். தோணியில் ஒருவன் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பான். கீழே மூச்சு முட்டிக் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் ஆள் இல்லை. அதனால் கயிறு பிடிப்பது மச்சானாகத்தான் இருக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான். சூசைக்குக் கல்யாணம் ஆகாததால் மச்சான் இல்லை. கூலிக்கு வந்த ஒருவன் ஒருமுறை பிந்தி இழுத்ததில் மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்திருக்கிறான். எங்கள் அண்ணன் தொம்மையோ அப்பாவுக்குக் கயிறு பிடித்துப் பழகிய கை. அவனைப் போல இன்னொரு கை அந்தக் கரையில் கிடையாது. நம்ம வீட்டுக் கை வேணும்னுதான் வாரான் என்று அம்மாவே சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் ஆட்களிடம் அது கேவலமான காரணம் இல்லை. பிலோமிக்கும் ஒரு வீடு கிடைக்கும், அம்மா காலத்துக்குப் பிறகு அவள் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். எனக்கு அது ஒன்றுதான் கவலையாக இருந்தது.

மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதற்கு முன்னால் பங்குச் சாமியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பார். பிலோமியின் சம்மதத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவருக்குக் குழப்பம். டீச்சரம்மாவையும் வரச்சொல்லிவிட்டார். வேறு சபைக்காரியை எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்கு எரிந்தது. அம்மாவுக்கோ பயம். அந்த வாரம் முழுக்க, சாமியார் வாய் அசைந்ததும் தலையை ஆட்ட வேண்டும் என்று பிலோமிக்குக் காட்டிக் காட்டிப் பழக்கினாள்.

சாமியார் பங்களாவில் நாங்கள் எல்லோரும் நின்றோம். சாமியார் பிலோமியின் முகத்துக்கு நேரே நின்று, சூசையைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். டீச்சரம்மாவின் கைகள் முந்தானைக்குள் போயின. பிலோமி தலையை ஆட்டவில்லை. சூசையைப் பார்த்துத் திரும்பிக் கையால் ஏதோ நீளமாகச் சொன்னாள். சூசை திருதிருவென்று விழித்தான். என்ன சொல்கிறாள் என்று சாமியார் டீச்சரம்மாவைக் கேட்டார். அவளையே கேளுங்கள் என்றார் டீச்சரம்மா. சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

அப்போது பிலோமி நடந்துபோய், டீச்சரம்மாவின் முந்தானையை விலக்கி, அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் வாயைச் சுட்டிக்காட்டி, எங்கள் எல்லோரையும் சுற்றிக் காட்டினாள். நீ சொல் என்று அர்த்தம். அது எனக்கே புரிந்தது.

“அவ சொல்லச் சொன்னதுனால சொல்லுதேன், சாமி. இதுல எஞ்சொல்லு ஒண்ணும் கிடையாது” என்றார் டீச்சரம்மா.

இதோ ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். பிலோமி திரும்பவும் சூசையைப் பார்த்துக் கையால் சொன்னாள். டீச்சரம்மா வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, திரும்பச் சொல் என்று காட்டினார். பிலோமி திரும்பச் சொன்னாள். அவருக்கு மறுபடியும் பிடிபடவில்லை.

“கயிறுன்னு சொல்லுதா. அண்ணன், கயிறு. எனக்கு இது வெளங்கல சாமி. ஒங்க ஆட்கள் கல்யாணத்துல அண்ணன்காரன் கயிறு பிடிக்கிற சடங்கு எதுவும் உண்டா?” என்று சாமியாரிடம் கேட்டார்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“அவ இப்படித்தான் கேக்கா. ‘எங்க அண்ணன் ஒனக்குக் கயிறு பிடிக்கலன்னா, அப்பவும் நீ என்னையக் கட்டிக்கிடுவியா?’”

சாளைக்கும் சீலாவுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த வயக்காட்டு மனுஷிக்குக் கயிற்றைப் பற்றி எப்படித் தெரியும்? அர்த்தம் தெரியாமல்தானே தட்டுத் தடுமாறிச் சொல்கிறார்? அப்படியானால் இத்தனையும் பிலோமி சொன்னது. பிற்பாடுதான் தெரிந்தது, சூசையும் அண்ணனும் தோணி ஓரத்தில் நின்று பேசிக்கொண்டபோது அவள் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள். செவிட்டுப் பெண்தானே என்று இருவரும் அவள் முகத்துக்கு நேராகவே கயிற்றுக் கணக்கைப் பேசியிருக்கிறார்கள், அவள் உதட்டைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

சூசை நல்லவன், அதனால் பொய் சொல்ல வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, மச்சான் இல்லாம நான் எப்படி முங்குவேன் என்று முணுமுணுத்தான். எங்களுக்குக் கேட்டது. பிலோமிக்குத் தெரியவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, தலையைத் தூக்கி அவளப் பாத்துச் சொல்லுங்க” என்றார் டீச்சரம்மா.

அவன் தலையைத் தூக்கினான். முதலில் அண்ணனைப் பார்த்தான். பிறகு பிலோமியைப் பார்த்தான். அவன் உதடு அசையவே இல்லை. பிலோமி வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாமியார் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையை அசைத்தாள். சாமியார் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சூசை எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். அண்ணனும் அவன் பின்னாலேயே போனான்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். எம்புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லாருப்பியா என்று டீச்சரம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். டீச்சரம்மாவின் கைகள் மறுபடியும் முந்தானைக்குள் போய்விட்டன. ஏசிக்கொண்டே இருந்த அம்மா சட்டென்று நிறுத்தினாள். பிலோமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூசை மணலில் போய்க்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு மறையும்வரை அவள் அப்படியே நின்றாள்.

அம்மா போய் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். ஏதோ கேட்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சாப்பிடு, படு, வா, தண்ணீர் எடு, கதவைச் சாத்து எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் கை இருந்தது. இதற்கு இல்லை. இப்படி ஒன்றை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதே இல்லை. அம்மா கையை இறக்கிக்கொண்டு டீச்சரம்மாவைப் பார்த்தாள்.

“ஒனக்கு அவனப் பிடிச்சிருந்துச்சான்னு கேக்கணும். அதுக்குக் கைய எப்படி வைக்கணும், டீச்சரம்மா?”

டீச்சரம்மா முந்தானையிலிருந்து கையை எடுத்துச் செய்து காட்டினார். அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை. வலை பின்னிக் காய்த்துப்போன விரல்கள். டீச்சரம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரியாக வைத்துவிட்டார். அவர் காட்டியது அதற்குத்தானா, வேறு எதற்காவதா என்று எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. அம்மா பிலோமியின் முன்னால் போய் நின்று, புதுக் கையோடு, தடுமாறித் தடுமாறிக் கேட்டாள்.

பிலோமி அம்மாவின் கையையே பார்த்தாள். பிறகு, அம்மா செய்த அதே கையை மெதுவாகத் திருப்பிச் செய்தாள். செய்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா என்னைப் பார்த்து, “பிடிச்சுத்தான் இருந்துச்சாம்ளா” என்றாள்.